கீழண்டைப் படிக்கட்டு

அந்த அக்காவுக்கு இடது வலது தெரியாது. அறவே தெரியாது என்று சொன்னால் பாவம். எந்தக் கையால் சோறு சாப்பிடுகிறோம் என்று ஒரு கணம் யோசித்து, அந்தக் கையை லேசாக அசைத்துப் பார்த்துவிட்டு, "இது வலது" என்று சரியாகவே சொல்வார். ஆனால் அதற்குள் வழி கேட்டவர் வேறு யாரிடமாவது கேட்டுக்கொண்டு போயிருப்பார். கிழக்கு மேற்கு கேளுங்கள், கேட்டு வாய் மூடுவதற்குள் கை நீண்டிருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் வேலை பார்த்த இடத்தில் சூரியனே கிடையாது. சென்னையில் இரண்டு மெட்ரோ தடங்கள் சந்தித்துக்கொள்ளும் நிலையம் அது. பூமிக்கு அடியில் ஒரு பெரிய கூடம், அதை 'மாறும் தளம்' என்று சொல்வோம். அதன் ஒரு கோடியில் ஒரு படிக்கட்டு, மறு கோடியில் இன்னொரு படிக்கட்டு, இரண்டும் இன்னும் கீழே இறங்கும். ஒன்றில் இறங்கினால் கடற்கரைப் பக்கம் போகிற வண்டி, மற்றதில் இறங்கினால் விமான நிலையம் போகிற வண்டி. நடுவில் தெருவுக்கு ஏறுகிற நகரும் படி. இரண்டு கோடியும் ஒரே கல், ஒரே விளக்கு, ஒரே நகைக்கடை விளம்பரம். கூடத்தின் நடுவில் நின்று ஒரு சுற்று சுற்றினால் எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்பது மறந்துபோகும். அந்த நடுவில் நின்று வழி சொல்வதுதான் அக்காவின் வேலை. ஒப்பந்தக்காரர் ஒருவர் மூலம் வந்த வேலை. சாம்பல் நிறச் சட்டை, கழுத்தில் அட்டை, கையில் வாக்கி டாக்கி.

நான் அங்கே ஸ்டேஷன் கண்ட்ரோலராக இருந்தேன். இப்போது அந்த வேலையை விட்டுவிட்டு கூத்தாநல்லூரில் அத்தாவின் ஜவுளிக் கடையைப் பார்த்துக்கொள்கிறேன். அந்த நிலையத்தில் எனக்குப் பழக்கமானவர்கள் நாற்பது பேர் இருப்பார்கள். வாரத்துக்கு ஒரு தடவையாவது நினைத்துக்கொண்டு தனியாகச் சிரிப்பது இந்த ஒருவரைத்தான்.

குடவாசல் பக்கத்தில் ஒரு கிராமம் அவருக்கு. அம்மா நடவுக்கும் களையெடுக்கவும் போனவர். இப்போது சொந்தமாக இரண்டு மா நிலம் இருந்தது, கணவர் அங்கேயே இருந்து அதைப் பார்த்துக்கொண்டார். மகளின் படிப்புக்காக அக்கா மட்டும் சென்னைக்கு வந்து, நிலையத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அறை எடுத்திருந்தார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு, பள்ளிக்கூடம் அதே தெருவில்.

முதல் நாளே எங்களுக்குள் பழக்கமாகிவிட்டது. லுஹர் என்கிற மதியத் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. துடைப்பமும் பினாயில் கேனும் வைக்கிற சின்ன அறை ஒன்று உண்டு, அதில் மேற்கே மக்காவைப் பார்த்து நின்று தொழலாம் என்று போனேன். போனில் திசைகாட்டியைத் திறந்தால் முள் சுற்றிக்கொண்டே இருந்தது. அத்தனை இரும்புக்கு நடுவில் அது என்ன செய்யும் பாவம். நானும் அதோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருந்தேன். அக்கா துடைப்பம் எடுக்க வந்தவர், டவர் கிடைக்கவில்லையா சார் என்று கேட்டார். மேற்கு கிடைக்கவில்லை என்றேன். பினாயில் கேன்கள் அடுக்கிய மூலையைக் காட்டிவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குச் சந்தேகம். சாயங்காலம் கட்டுப்பாட்டு அறையில் இருந்த வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். அணு பிசகவில்லை. மறுநாள் நான் போனபோது தரையில் மஞ்சள் டேப் ஒன்று அம்பு மாதிரி ஒட்டியிருந்தது. இனிமேல் சுத்த வேண்டாம் என்றார். நான் கூத்தாநல்லூர் என்று தெரிந்த பிறகு, ஆள் இல்லாத நேரத்தில் 'சார்' போய் 'தம்பி' ஆகிவிட்டேன்.

அவருக்கு உலகத்தில் எல்லாமே திசையில்தான் இருந்தது. மதியம் டப்பாவைத் திறந்தால், "தெக்கால இருக்கற துண்டை எடுங்க தம்பி, அதுலதான் முள்ளு கம்மி" என்பார். சட்டையில் கறை பட்டிருந்தால் வடவண்டைத் தோளில் கறை என்பார். நான் திரும்பி நின்றுவிட்டால் அதே கறை தென்னண்டைக்கு மாறிவிடும், அதையும் கூசாமல் மாற்றிச் சொல்வார். வழி கேட்டு வருகிறவர்களுக்கு அவர் சொல்கிற விதத்தைக் கேட்டு நான் அவருக்கு 'செக்குபந்தி' என்று பட்டப்பெயர் வைத்தேன். நிலப் பத்திரத்தில் நாலு எல்லையையும் எழுதுகிற பகுதிக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். டிக்கெட் கவுண்டருக்குத் தெற்கே, லிஃப்டுக்கு மேற்கே, தூணுக்கு வடக்கே என்று அவர் கழிப்பறைக்கு வழி சொன்னால், அதைக் கிரயம் பண்ணிக்கொள்ளலாம் போல இருக்கும்.

ஒரு தடவை பல்வலி. மருத்துவரிடம் போய் மேலண்டைப் பல் என்று சொல்லியிருக்கிறார். அந்த டாக்டருக்கு எந்த ஊரோ, மேல் வரிசையில் இருந்த பல்லை எல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்திருக்கிறார். வலித்த பல் கீழ் வரிசை. நாற்காலி தெற்குப் பார்த்துப் போட்டிருந்தது, மேற்குப் பக்கம் இருந்ததால் அது மேலண்டைப் பல்தான், டாக்டருக்குத்தான் புரியவில்லை என்று வீங்கின கன்னத்தோடு வந்து என்னிடம் நியாயம் கேட்டார்.

சிரிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இதே வார்த்தைதான் அவரை வம்பில் மாட்டிவிட்டது.

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் கிழக்குப் பக்கத்தைக் கீழண்டை என்போம், மேற்குப் பக்கத்தை மேலண்டை என்போம். தண்ணீர் மேற்கிலிருந்து வருகிறது, கிழக்கே கடலுக்குப் போகிறது. அதனால் எங்களுக்கு மேடு மேற்கு, தாழ்வு கிழக்கு. மற்ற ஊர்க்காரர்களுக்குக் கீழ் என்றால் அடியில், மேல் என்றால் தலைக்கு மேலே. விமான நிலையத்துக்குப் போகிறவரிடம் அக்கா, மேலண்டைப் படியில் போங்க என்பார். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நகரும் படியில் ஏறி, கதவைத் தாண்டித் தெருவில் போய் நிற்பார். மறுபடி டிக்கெட் எடுத்து உள்ளே வருகிறபோது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். எனக்கு இது விளங்கவே ஒரு மாதம் ஆயிற்று. ஏனென்றால் என் காதுக்கு மேலண்டை என்பது சரியாகவே விழுந்துகொண்டிருந்தது.

நேரில் என்றால் கையையாவது காட்டுவார். வாக்கி டாக்கியில் கை தெரியாதே. ஒரு நாள் கீழண்டை லிஃப்டில் ஒரு பெரியவர் மாட்டிக்கொண்டார் என்று சொன்னார். பழுது பார்க்கிறவர் கீழ்த் தளத்துக்கு ஓடி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த லிஃப்டைத் திறந்து தலையை விட்டுத் தேடினார். பெரியவர் இங்கே மாறும் தளத்தில் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். பத்து நிமிடம் கழித்து வெளியே வந்தவர் யாரையும் திட்டவில்லை. கைப்பட ஒரு பக்கத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

எங்கள் மேலாளர் கோயம்புத்தூர்க்காரர். நல்ல மனிதர், ஆனால் காகிதம் வந்தால் காகிதத்துக்குப் பதில் காகிதம் போக வேண்டும் அவருக்கு. அக்காவையும் என்னையும் கூப்பிட்டு, ஒரு வாரம் தவணை கொடுத்தார். இடது, வலது, பிளாட்ஃபார நம்பர், இந்த மூன்றைத் தவிர வேறு எதுவும் வாயில் வரக் கூடாது. ஏழாம் நாள் மூன்று மணிக்கு ஒப்பந்தக்காரரின் ஆள் வருவார். மாறியிருந்தால் இங்கேயே இருக்கலாம், இல்லாவிட்டால் பணிமனையில் ரயில் பெட்டி கழுவுகிற வேலை. எப்படி இருக்கிறார் என்று நான் அறிக்கை எழுத வேண்டும்.

பணிமனை நகரத்தின் மறு கோடியில் இருந்தது. விடியற்காலம் நாலு மணிக்கு ஷிஃப்ட் தொடங்கும். பரீட்சை வருகிற வருஷத்தில் மகளைத் தனியாக விட்டுவிட்டு மூன்று மணிக்கே கிளம்ப வேண்டும், இல்லை வேலையை விட வேண்டும். அறைக்கு வெளியே வந்ததும் அக்கா கேட்டது இதுதான்: இந்த இடது வலதை எத்தனை நாளில் படிக்கலாம்?

முயற்சியில் ஒன்றும் குறை வைக்கவில்லை. மறுநாள் இடது கை வளையலைக் கழற்றிவிட்டு, வலது கையில் மட்டும் போட்டுக்கொண்டு வந்தார். வளையல் கை வலது. யாராவது கேட்டால் வளையலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வலது பக்கம் போங்க" என்றார். எதிரே நின்றவர் தன் வலது பக்கம் திரும்பி, நேர் எதிர்த் திசையில் போனார். நாலு பேர் இப்படிப் போன பிறகு அக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. வழி கேட்டால் சட்டென்று திரும்பி, கேட்டவர் பார்க்கிற பக்கமே தானும் பார்த்து நின்றுகொண்டு சொல்வது. அதில் தவறே வரவில்லை. ஆனால் கேமராவில் பார்த்த மேலாளர், பயணிகளுக்கு முதுகைக் காட்டிப் பேசுகிறார் என்று இன்னொரு குறிப்பு எழுதி வைத்தார்.

அன்று மதியம் சாப்பிடும்போது அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு சொன்னார்:

"எனக்கு எடது அவங்களுக்கு வலதா இருக்கு. அவங்க திரும்பி நின்னா அதுவும் மாறிடுது. கெழக்கு யாருக்கும் கெழக்குதானே தம்பி?"

 அந்தத் துடைப்ப அறையில் என் மேற்கே அவர் போட்ட மேற்கு. நான் எந்த வாயால் அவருக்கு இடது வலது சொல்லித்தருவது?

ஐந்தாம் நாள் அவருக்கு வார விடுப்பு. கணவருக்குக் காய்ச்சல் என்று ஊருக்குப் போனவர், அங்கிருந்து இரவு பஸ் ஏறி ஏழாம் நாள் காலையில்தான் வேலைக்கு வந்தார்.   இரண்டு நாள் தங்கிவிட்டு, நேராக ஒப்பந்தக்காரரின் ஆள் வருகிற நாளுக்கு வந்து சேர்ந்தார். ஐப்பசி மாதம், ஒரே மப்பு. பஸ்ஸில் நன்றாகத் தூங்கியிருக்கிறார். எங்கோ சாலையை வெட்டிப் போட்டிருந்ததால் பஸ் புறவழியில் சுற்றி, வழக்கமாக வருகிற பக்கத்தை விட்டு வேறு பக்கமாக நகரத்துக்குள் நுழைந்திருக்கிறது. கண் விழித்தபோது இறங்க வேண்டிய இடம். வானத்தில் சூரியன் இல்லை. அப்படியே ஷேர் ஆட்டோ பிடித்து, பூமிக்கு அடியில் வந்துவிட்டார்.

ஒன்றரை மணி வாக்கில் ஒரு வயதான தம்பதி லிஃப்டில் இறங்கி வந்தார்கள். நான் கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பூம்புகார்ப் பக்கத்து மீனவர்கள். அந்த அம்மாள் கையில் இருந்த வெள்ளைத் துணிப்பையில் கருவாடு, அது எனக்குத் தெரிய கண் வேண்டியதில்லை. அவர்கள் பேச்சைக் கேட்டதும் அக்காவுக்கு வளையல் மறந்துபோயிற்று. எந்த ஊர், யாரைப் பார்க்க என்று எல்லாம் விசாரித்தார். மகள் நர்ஸ், முதல் தடவையாக வெளிநாட்டு வேலைக்குப் போகிறாள். ஒரு வாரம் முன்பே காகித வேலைக்காகச் சென்னைக்கு வந்துவிட்டாள். நாலு மணிக்கு விமான நிலையத்துக்கு உள்ளே போய்விடுவாள், அதற்கு முன் பார்க்க வேண்டும். இனி பார்ப்பது இரண்டு வருஷம் கழித்துத்தான். அக்கா அந்த அம்மாளின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், படி வரைக்கும் விட்டுவிட்டு வந்தார். எனக்குத் திரையில் ஒரு வேலை வந்துவிட்டது, எந்தப் படி என்று நான் பார்க்கவில்லை.

அரை மணி நேரம் கழித்துத் தொழுவதற்காகத் துடைப்ப அறைக்குப் போனேன். அக்கா ஒரு கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். கண் தரையில் இருந்த மஞ்சள் டேப் மேலேயே இருந்தது. முகம் வெளிறிப்போயிருந்தது.

"தம்பி, எனக்கு இன்னைக்குத் தெச மாறிப் போச்சு. கெழக்கு மேக்கா நிக்கிது."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு விவரமாகச் சொன்னார். தினமும் பூக்கூடையோடு போகிற ஒரு பெண், அக்கா காட்டிய பக்கம் போகாமல் சிரித்துக்கொண்டே எதிர்ப்பக்கம் போயிருக்கிறார். இரண்டு கல்லூரிப் பெண்களும் அப்படியே. சந்தேகம் வந்து இங்கே வந்து டேப்பைப் பார்த்திருக்கிறார். அவர் மனசுக்குள் மேற்கு ஒரு பக்கம் இருந்தது, அவரே ஒட்டிய அம்பு எதிர்ப்பக்கம் காட்டியது. டேப் பொய் சொல்லாது, ஒட்டிய நாளில் அவர் சரியாக இருந்தார்.

காலையிலிருந்து வழி கேட்டவர்கள் பெரும்பாலும் பலகையைப் பார்த்துத் திருத்திக்கொண்டிருப்பார்கள் என்று நான் சமாதானம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அந்தக் கருவாட்டுப் பை தம்பதி பலகையைப் பார்க்கிறவர்கள் இல்லை. அவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கீழண்டைப் படியில் இறக்கிவிட்டிருக்கிறார். விமானம் ஏறுகிற பெண்ணைப் பார்க்க வந்தவர்கள் கடற்கரையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

ஓடிப்போய்க் கடற்கரைப் பக்கத்துக் கடைசி நிலையத்துக்குப் போன் போட்டேன். அவர்கள் பெயர் தெரியாது, நம்பர் தெரியாது. வெள்ளைத் துணிப்பை, கருவாட்டு வாடை என்று அடையாளம் சொன்னேன். அங்கே இருந்த கண்ட்ரோலர் சிரித்துவிட்டு, பார்க்கிறேன் என்றார். திரும்பிப் பார்த்தால் அக்கா தலையை வாரி முடிந்துகொண்டு கிளம்பி நிற்கிறார். மணி இரண்டு ஐந்து. மூன்றுக்கு ஒப்பந்தக்காரரின் ஆள் வருவார். இடத்தை விட்டுப் போனால் அதுவே போதும், இடது வலது எல்லாம் அப்புறம். இதை நான் சொன்னேன். மகளின் பரீட்சையையும் ஞாபகப்படுத்தினேன். எனக்குக் கோபமாகக்கூட வந்தது, அங்கே இருக்கிறவர்கள் பார்த்து அனுப்பமாட்டார்களா என்று கத்தினேன்.

"அவங்க யூனிபாரத்தை நம்பி எறங்கல தம்பி. நம்ம ஊருப் பேச்சை நம்பி எறங்குனாங்க" என்றார். போய்விட்டார். இந்தத் தடவை படி இறங்குவதற்கு முன் என்னிடம், இதுதானே கிழக்கு என்று கேட்டுக்கொண்டுதான் இறங்கினார். அவர் அதை இன்னொருவரிடம் கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். 

அவர் இடத்தில் நான் நின்றேன். கண்ணாடி அறையை உதவியாளரிடம் விட்டுவிட்டு இப்படி நிற்பதும் விதிப்படி தப்புதான். மூன்று மணிக்கு மேலாளரும் ஒப்பந்தக்காரரின் ஆளும் வந்தார்கள். அவர் எங்கே என்று மேலாளர் கேட்டார். நாலைந்து பொய் தயாராக வைத்திருந்தேன். ஆனால் வாயில் வந்தது, "கெழக்கால போயிருக்காங்க சார்" என்பது. ஒப்பந்தக்காரரின் ஆள் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் என்னைப் பார்த்தார்.

பதில் சொல்ல வேண்டிய தேவை வரவில்லை. கீழண்டைப் படியில் அந்தத் தம்பதி ஏறி வந்தார்கள், பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு அக்கா. கூடத்தைக் கடந்து மறு கோடிக்குப் போக வேண்டும், நடுவில் நாங்கள் மூவர் நிற்கிறோம். மேலாளர் நிறுத்தி என்னவென்று கேட்டார். அந்த அம்மாளுக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் அவர்தான் முதலில் பேசினார். வண்டி நின்றதும் கடல் காற்று முகத்தில் அடித்ததாம். ப்ளேன் கடலுக்கா வரும் என்று கணவரிடம் கேட்டாராம். அங்கே நிலையத்துச் சட்டை போட்ட ஒருவர் வந்து விசாரித்தபோதுகூட அசையவில்லையாம்.

"அந்தப் பொண்ணு நம்ம பக்கம். தப்புன்னு தெரிஞ்சா தேடிக்கிட்டு வரும்னு சொன்னேன். அங்கயே குந்திட்டோம்."

யார் உங்களை அந்தப் பக்கம் அனுப்பியது என்று மேலாளர் கேட்டார். ஒப்பந்தக்காரரின் ஆள் காகிதத்தை எடுத்துவிட்டார். பெரியவர் அக்காவின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். யாரும் அனுப்பவில்லை, நாங்களாகத்தான் மாறி இறங்கிவிட்டோம் என்றார். எனக்கு உயிர் வந்தது. அக்கா அதோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் முடிந்துபோயிருக்கும்.

"இல்ல சார். நான்தான் கையைப் புடிச்சுக் கொண்டுபோயி வுட்டேன். கெழக்கு இருக்கற எடத்துலதான் இருக்கு, எனக்குத்தான் மாறிப் போச்சு."

பெரியவரின் உதவியைத் தட்டிவிட்டாரே என்று எனக்கு ஆத்திரம். பிறகு யோசித்தபோது புரிந்தது, வேலை போனாலும் போகட்டும், கிழக்கின் மேல் ஒரு பழி வருவதை அவரால் பொறுக்க முடியவில்லை.

மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று ஏழு.

"மொதல்ல இவங்களக் கூட்டிட்டுப் போங்க. படியோட விட்டுட்டு வந்துராதீங்க, ஏர்போர்ட் வாசல் வரைக்கும் போயிட்டு வாங்க" என்றார்.

அவர்கள் மேலண்டைப் படியில் இறங்கினார்கள். மேலாளர் என்னிடம் திரும்பி, சாயங்காலத்துக்குள் அறிக்கை வேண்டும் என்றார். கூடவே, இந்த இடத்திலிருந்து சரியாக எப்படி வழி சொல்வது என்பதையும் எழுதச் சொன்னார், இடது வலதில்.

உட்கார்ந்து எழுதினேன். விமான நிலையம் போகிறவர்கள் தெருவிலிருந்து நகரும் படியில் வந்தால் இடது பக்கம். லிஃப்டில் வந்தால் வலது பக்கம். கடற்கரை வண்டியிலிருந்து ஏறி வந்தால் நேரே. வழி சொல்கிறவர் அவர்களைப் பார்த்து நின்றால் இதெல்லாம் மாற்றிச் சொல்ல வேண்டும், அவர்கள் பக்கமே பார்த்து நின்றால் மாற்ற வேண்டாம். ஒன்றரைப் பக்கம் ஆயிற்று. படித்துப் பார்த்தேன், எனக்கே வழி தெரியவில்லை. அடியில் ஒரு வரி சேர்த்தேன்: விமான நிலையம் மேற்குப் படி, கடற்கரை கிழக்குப் படி. தவறாக அனுப்பியதும், இடத்தை விட்டுப் போனதும், நான் தடுக்காததும் எல்லாவற்றையும் எழுதி நீட்டினேன்.

ஐந்து மணிக்கு மேல் அக்கா திரும்பி வந்தார். மகள் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றிருந்தாளாம். கருவாட்டுப் பையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாளாம், பிறகு மூன்று பேருமாக அழுதார்களாம். பையையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள், உள்ளே விட்டார்களா என்று தெரியாது. அக்காவுக்கு இதைச் சொல்கிறபோது வேலை ஞாபகமே இல்லை. நான்தான் மேலாளர் அறை வாசலில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மேலாளர் வெளியே வந்தார், கையில் என் அறிக்கை. நேரே கூடத்தின் நடுவில் போய் நின்று, ஒன்றரைப் பக்கத்தையும் படித்தபடி மெதுவாக ஒரு சுற்று சுற்றினார். பாதியில் நின்று மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு அக்காவைக் கூப்பிட்டு, கீழண்டை மேலண்டை மட்டும் வேண்டாம், கிழக்கு மேற்கு என்று முழுசாகச் சொல்லுங்கள், அதைப் பலகையிலும் போடச் சொல்லி மேலே எழுதுகிறேன் என்றார். பணிமனைப் பேச்சை எடுக்கவே இல்லை. ஒப்பந்தக்காரரின் ஆள் எப்போது போனார் என்றுகூட நான் கவனிக்கவில்லை. அன்று நான் தொழுதபோது கொஞ்சம் அதிக நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பலகைகள் வருவதற்குள் தை பிறந்துவிட்டது. ஒரு மதியம் ஏணியோடு ஒருவர் வந்தார், நடுத்தர வயசு, காதில் பென்சில். கையில் வரைபடம். அதைப் பார்த்துப் பார்த்து ஒரு பலகையைத் தூக்கி ஒரு படிக்கட்டுக்கு மேலே மாட்டி, திருகை முடுக்கினார். 'கிழக்கு' என்று தமிழில் அழகாக இருந்தது. அக்கா தூரத்திலிருந்து பார்த்தார். பிறகு விறுவிறுவென்று நடந்துபோய் ஏணியின் அடியில் நின்றுகொண்டு, அவரை இறங்கவிடவில்லை.

இது மேற்கு என்றார் அக்கா. அவர் ஏணியில் நின்றபடியே வரைபடத்தை விரித்து, அதில் எழுதியிருப்பதைக் காட்டினார். முத்திரை குத்திய காகிதம், பெரிய இடத்துக் கையெழுத்து எல்லாம் இருந்தது. அதில் அப்படித்தான் இருந்தது. போகிற பயணிகள் நின்று பார்க்கத் தொடங்கினார்கள். நான் அறையை விட்டு வெளியே வருவதற்குள் அக்கா எட்டி அந்தக் காகிதத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டார்.

"பேப்பரத் திருப்பிப் புடிங்கண்ணே" என்றார்.

படத்து வடக்கு அக்கா கை காட்டிய வடக்குக்கு வருகிற மாதிரி அவர் திருப்பிப் பிடித்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். திருகைத் தளர்த்திப் பலகையை இறக்கினார். ஏணியை மடக்கித் தோளில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று காகிதத்தைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்தார்.